கையெழுத்து யாருடையது?

அண்மையில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய ஓர் அவையில் கற்றறிந்த பேச்சாளர் ஒருவரின் உரையைக் கேட்க நேர்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றின் போது தொடக்க வகுப்புகளில் பெயர் எழுதப்பட்டிருந்த பிள்ளைகள், நடுநிலை வகுப்புகளை எட்டிய பின்னரும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க இயலாதிருப்பதை எடுத்துக்காட்டி அவர் வருந்தினார். வருத்தம் நியாயமானதே. ஆனால், வருத்தத்தின் முடிவில் அவர் சுட்டிக்காட்டிய குற்றவாளி யார் என நினைக்கிறீர்கள்? பெற்றோர்! பள்ளிகள் திறந்த பின்னரும் அறியாமையால் அஞ்சி, பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைத்தார்களாம். அவருக்குப் பின் பேச எழுந்த மற்றொருவர் வேறு திசையிலிருந்து வந்தார். நோய் ஓயும் முன்னரே, வீட்டில் தொல்லை தாங்காமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டிய பெற்றோரும் உண்டு என்று அவர் குறை கூறினார். அனுப்பாதவர் கோழை; அனுப்பியவர் இரக்கமற்றவர். இரண்டு பேச்சுக்கும் அவை கை தட்டியது. கை தட்டியவர்களுள் பெற்றோரும் இருந்தனர் என்பதே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

இந்த இரட்டைப் பழியை நாம் மறுக்கிறோம். பெற்றோர் எடுத்த முடிவுகள் யாவும் சரியானவை என்று வாதிடுவதற்காக அன்று. தவறான முடிவுகளும் எடுக்கப்பட்டன. அவற்றின் விலையைப் பிள்ளைகள் இன்றும் செலுத்தி வருகின்றனர். ஆயினும், எடைபோடும் வேலையை ஒருவன் தலையில் சுமத்திவிட்டு, எடைக்கற்களையும் அவன் கண்ணுக்கு மறைத்துவிட்டு, பின்னர் தராசு கோணலாகச் சாய்ந்தது என்று அவனையே திட்டுவது எந்த ஊர் நீதி? கூண்டில் ஏற வேண்டியவர்கள் வேறு சிலர். அவர்களுள் நாமும் உண்டு. அதனால்தான் துணிந்து எழுதுகிறோம்.

கனகம்மாசத்திரத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருத்தணிக்கு முன்னதாக வரும் ஊர் இது. திருவாலங்காட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுவோரும் சுமை ஏற்றுவோரும், செங்கல் சூளைகளில் வெந்து உழைப்போரும், விசைத்தறி ஓட்டுவோரும் சுற்றுப்புறச் சிற்றூர்களில் வாழ்கின்றனர். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர அடுப்பங்கரை மொழி மாறவில்லை. இன்றும் பல வீடுகளில் தாயும் பிள்ளையும் பேசுவது தெலுங்கு. இத்தகைய வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் காட்டும் இடம் பள்ளிக்கூடம் ஒன்றே. சென்னையில் பள்ளியை மூடினால் பாடம் நின்றது என்பர். இங்கே பள்ளியை மூடினால் ஒரு மொழியே பிள்ளையின் முன் கதவைச் சாத்திக்கொள்கிறது. பின்னர் நாம் கூறப்போகும் எதையும் இந்த உண்மையை மனத்தில் இருத்தியே படிக்க வேண்டுகிறோம்.

2021 ஜனவரியில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் கையில் ஒரு தாளோடு நம்மைத் தேடி வந்தார். கரும்பு லாரிக்குச் சுமை ஏற்றுபவர். மூத்தவள் பத்தாம் வகுப்பு. இளையவன் அந்த ஆண்டுதான் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தான். வகுப்பறையை இன்னும் கண்ணால் கண்டதில்லை. ஓர் அறையும் திண்ணையுமாக உள்ள வீட்டில் அவருடைய மனைவியின் தாயாரும் இருந்தார். ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் பகலெல்லாம் அவரோடு லாரியில் போய்விடும்.

"சாமி, இதுல கையெழுத்துப் போடணுமாம். போட்டா பொண்ணு ஸ்கூலுக்குப் போகலாம். போடலன்னா வீட்டோட இருக்கலாமாம். எங்க அத்தைக்குச் சர்க்கரை வியாதி. நீங்களே சொல்லுங்க, போடட்டுமா வேணாமா?"

நாம் கூறிய மறுமொழி இதுதான்: "உங்க மனச்சாட்சி என்ன சொல்லுதோ அதன்படி செய்யுங்க. ஜெபம் பண்ணிட்டு முடிவெடுங்க." அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மனிதரின் மனச்சாட்சி உரிமையை மதித்தோம் என்று அன்றிரவு நாம் நம்மைத் தேற்றிக்கொண்டோம். உண்மையில் நாம் செய்தது கைகழுவுதல். அச்செயலைச் செய்தவன் பெயரை ஒவ்வொரு ஞாயிறும் விசுவாச அறிக்கையில் நாமே உரக்கச் சொல்லி வருகிறோம்.

அந்தத் தாள் எப்படி வந்தது என்பதை நினைவுகூர வேண்டும். 2020 மார்ச் மாதத்தின் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டின் பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூனில் கைவிடப்பட்டு அனைவரும் தேர்ச்சி பெற்றவராக அறிவிக்கப்பட்டனர். நவம்பர் 9 அன்று பள்ளிகளைத் திறக்கலாமா என்று பெற்றோரிடம் கருத்து கேட்கப்பட்டது. நவம்பர் 16 திறப்பு என்ற அறிவிப்பு அந்த வாரத்திலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. 2021 ஜனவரியில் மீண்டும் கருத்துக் கேட்பு. ஜனவரி 19 முதல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தொடங்கின; வகுப்புக்கு 25 பேர்; பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்; வருகை கட்டாயமில்லை. பிப்ரவரி 8-இல் ஒன்பதும் பதினொன்றும் தொடர்ந்தன. பிப்ரவரி 25-இல் ஒன்பது, பத்து, பதினொன்று வகுப்புகளுக்கு மீண்டும் 'அனைவரும் தேர்ச்சி.' மார்ச் 22 முதல் அந்த வகுப்புகள் மீண்டும் மூடல். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கோ, 2021 நவம்பர் 1 வரை கதவே திறக்கவில்லை. மொத்தம் 19 மாதங்களுக்கு மேல்!

கருத்து கேட்பது மக்களாட்சி அல்லவா, அதில் என்ன தவறு என்று வினவுவோர் உண்டு. கேட்பதில் தவறில்லை. எதைப் பற்றி, எதை அறிவித்தபின் கேட்கிறோம் என்பதில்தான் இருக்கிறது தவறு. நம்மிடம் வந்த தாளில் பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்ற செய்தி இருந்தது. பெயரும் கையெழுத்தும் இட இடம் இருந்தது. இந்த ஒன்றியத்தில் அவ்வாரம் எத்தனை பேருக்கு நோய் என்பது இல்லை. அந்த வகுப்பறையில் எத்தனை சன்னல்கள் திறக்கும் என்பது இல்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஆபத்து எவ்வளவு, அவளோடு உறங்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு எவ்வளவு என்பது இல்லை. பள்ளிக்குப் போகாவிடில் அவள் இழப்பது என்ன என்பது அறவே இல்லை. ஒரு பக்கத்தில் தொலைக்காட்சி நாள்தோறும் மாலையில் வாசித்த சாவு எண்ணிக்கை. மறு பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒற்றைத் தட்டு மட்டும் தொங்கும் தராசை அவர் கையில் கொடுத்து, நிறுத்துக் காட்டு என்றோம்.

இதே மாநிலத்தில் 2020 மே 7 அன்று பல மாவட்டங்களில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. மறுநாள் உயர் நீதிமன்றம் மூட ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்ததும், பத்து நாட்களுக்குள் கடைகள் மீண்டும் திறந்தன. அவற்றைத் திறப்பதற்கு எந்த மனைவியிடமும் சம்மதக் கடிதம் கேட்கப்படவில்லை. 2020 நவம்பர் 10 முதல் திரையரங்குகள் பாதி இருக்கைகளோடு இயங்கின. 2021 ஜனவரி 4 அன்று முழு இருக்கைகளையும் நிரப்பிக்கொள்ள அனுமதி வழங்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின்னரே அது விலக்கப்பட்டது. ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல். ஓராண்டாகப் பிள்ளைகள் நுழையாத தொடக்கப் பள்ளிக் கட்டடங்கள் அன்று வாக்குச்சாவடிகளாயின. விரலில் மையிட்டுக்கொண்டு வெளியே வந்த ஒரு தாய், தன் மகன் உட்கார்ந்திருக்க வேண்டிய அறை இதுதானா என்று சன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நாம் கண்டோம். எந்தக் கட்சியையும் சாட நாம் இதைக் கூறவில்லை. ஆட்சி மாறியது, வரிசை மாறவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் நின்றது முதல் வகுப்புப் பிள்ளை. கடையும் அரங்கும் சாவடியும் ஊராரின் பொறுப்பில் திறந்தன. பள்ளி மட்டும் தகப்பனின் கையெழுத்தில் திறந்தது.

இனி, 'பாதுகாப்பான பக்கம்' என்னும் சொல்லுக்கு வருவோம். அந்நாட்களில் இது வேதவாக்கு போல் நடமாடியது. நம் மறையுரைகளிலும் நடமாடியது. ஐயம் எழும்போது பாதுகாப்பான பக்கத்தைத் தேர்ந்துகொள், அதில் பாவமில்லை. கேட்பதற்கு இனிமையான அறிவுரை. ஆனால், குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவரும் இவ்விடத்தில் சற்று நின்றிருக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் இதே போன்றதொரு கோட்பாடு திருச்சபையில் எழுந்தது. மறுபக்கத்துக்கு எவ்வளவு வலிய காரணங்கள் இருப்பினும், ஐயத்துக்கு இடமற்ற பக்கத்தையே ஒருவர் பின்பற்றியாக வேண்டும் என்று சிலர் போதித்தனர். திருத்தந்தை எட்டாம் அலெக்சாந்தர் 1690-ஆம் ஆண்டில் அக்கோட்பாட்டைக் கண்டனம் செய்தார். காரணம் எளிது. அப்படி வாழ முற்படும் மனிதன் ஓரடியும் எடுத்து வைக்க மாட்டான். அன்பின் செயல் எதுவும் ஆபத்தில்லாமல் நடப்பதில்லை.

அக்கோட்பாட்டை நினைவூட்டுவது, அனுப்பியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவதற்காக அன்று. வீட்டில் சர்க்கரை நோயுள்ள பாட்டி இருக்கையில், பள்ளிக்கூடம் போவதில் மெய்யான ஆபத்து இருந்தது. நாம் கேட்பது வேறு. பாதுகாப்பான பக்கம் என்று ஒன்று இருந்ததா? பத்தாம் வகுப்புப் பெண் வீட்டில் இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இப்பகுதியில் அறியாதவர் யார்? முதலில் தறி. பிறகு, நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது என்னும் பேச்சு. நோய் மெய்யான ஆபத்து. இதுவும் மெய்யான ஆபத்து. ஒன்றுக்குச் சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கை உண்டு. மற்றொன்றுக்கு அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாததை ஆபத்தே இல்லாததாகக் கொண்டோம்.

விவேகம் என்னும் நற்பண்பை ஆராயும் புனித தாமஸ் அக்குவினாஸ் அதன் கூறுகளாக நினைவாற்றல், பிறரிடம் அறிவுரை ஏற்கும் பணிவு, முன்னறிவு, சூழலை நோக்குதல், எச்சரிக்கை முதலிய எட்டினை எண்ணுகிறார். எச்சரிக்கை எட்டில் ஒன்று, வரிசையில் கடைசி. அறிவுரை கேட்டல் அதற்கு முன்னே வருகிறது. ஏனெனில் தனி மனிதன் எவனும் எல்லாவற்றையும் தானே அறிந்து முடிவெடுக்க இயலாதவன். நம்மிடம் தாளோடு வந்தவர் அந்த நற்பண்பின் இலக்கணப்படியே வந்தார். அறிவுரை கேட்டார். கொடுக்க வேண்டியவர்தாம் கொடுக்கவில்லை.

கொடுப்பதற்கு அறிவு இல்லாமலும் போகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நடத்திய நான்காவது தேசியக் குருதி ஆய்வில், 6 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளில் 57.2 விழுக்காட்டினரிடமும், 10 முதல் 17 வயது வரையுள்ளோரில் 61.6 விழுக்காட்டினரிடமும் நோய் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. இதன் பொருளைச் சற்றுச் சிந்தியுங்கள். பள்ளியின் படியை மிதியாத சிறு பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோரை நோய்க்கிருமி வீட்டிலேயே, தெருவிலேயே சந்தித்துவிட்டது. நாம் பூட்டியது பள்ளியை, நோயை அன்று. அந்த ஆய்வை வெளியிட்டபோதே கழகத்தின் தலைவர், திறப்பதாயின் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்றும், ஸ்காண்டிநேவிய நாடுகள் சில எந்த அலையிலும் அவற்றை மூடவில்லை என்றும், ஆசிரியரும் பணியாளரும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றும் கூறினார். அது ஜூலை 20. நம் ஊரில் செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டோர்க்கே பள்ளி திறந்தது. சிறுவர் இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தனர். நாலாம் நாள் ஆசிரியர் தினம் வந்தது. அந்நாளுக்குக் காரணரான இராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணியிலேயே, வணங்குவதற்கு ஆசிரியர் முகத்தைக் காணாத இரண்டாம் வகுப்பு ஒன்று இருந்தது.

கரும்பு லாரிக்காரரிடம் திரும்புவோம். அவர் கையெழுத்திட்டார். மகள் ஜனவரி 19 முதல் பள்ளி சென்றாள். மார்ச் 22-இல் மூடியபோது வீட்டுக்கு வந்தாள். ஏப்ரலில் இரண்டாம் அலை பொங்கியது. திருவள்ளூர் மாவட்டம் அதில் பட்ட பாடு நாம் அறிந்ததே. மே மாதத்தின் இறுதியில் அந்தப் பாட்டி நோயுற்றார். ஒரு வாரத்தில் இறந்தார். அடக்கத்துக்கு நான்கு பேர். கல்லறையை விட்டு வரும்போது அவர் நம் அருகே வந்து மெல்லச் சொன்னார்: "நான் போட்ட கையெழுத்துதான் சாமி." நாம் அவர் தோளைத் தொட்டோம். ஒன்றும் சொல்லவில்லை.

அவ்வாண்டு நவம்பரில், இரண்டாம் வகுப்புக்குரிய இளைய மகனுக்குப் பள்ளி திறந்தது. அவர் அனுப்பவில்லை. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலையால் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டு, பிப்ரவரி 1 அன்று திறந்தன, அப்போதும் அனுப்பவில்லை. ஜூனில்தான் அச்சிறுவன் நேராக மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். அவை ஏறிய பேச்சாளர் 'அறியாமையால் அஞ்சியவர்' என்றாரே, அவருடைய பட்டியலில் இவர் முதல் ஆளாக இருப்பார்.

வெகு காலம் கழித்து, இளையவனுக்கு வாசிப்பு வரவில்லை என்று சொல்ல வந்த அவரோடு உட்கார்ந்து, நாம் ஒரு தாளில் தேதிகளை எழுதினோம். மார்ச் 22 பள்ளி மூடிய நாள். மே மாத இறுதி, பாட்டி நோயுற்ற நாள். இடையே ஒன்பது வாரங்கள். இந்நோய் உடலில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள்தான் என்பதையும் சொன்னோம். மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்ததாக இருக்க வழியே இல்லை. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். ஆம், சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நவம்பரில் ஒரு சிறுவன் பள்ளி போயிருப்பான். எண்ணத் தெரிந்தவர் எண்ணிக் காட்டாமல் விட்டதே இங்கே நிகழ்ந்த குற்றம்.

பாட்டியைக் காத்திருக்கக் கூடிய ஒன்றும் இருந்தது. 60 வயதைக் கடந்தோர்க்குத் தடுப்பூசி 2021 மார்ச் 1 அன்றே தொடங்கிவிட்டது. நம் பகுதியில் முதியோர் தயங்கினர். ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஓரிரு நாட்களில் மாரடைப்பால் இறந்தபோது, தயக்கம் பீதியாயிற்று. அவர் இறப்புக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று மருத்துவர்கள் கூறினர். வதந்தியின் கால்களுக்கு எட்டுமா அச்செய்தி? வீடு வீடாகச் சென்று முதியோரை அழைத்துப் போகும் வேலையை நாம் செய்திருக்கலாம். ஊரில் வேறு எவரையும் விட நமக்கு அதற்கு உரிமை உண்டு. எந்த வீட்டுக்குள்ளும் நம்மை விடுவார்கள். செய்யவில்லை. முதியோரைக் காக்கும் பொறுப்பை ஏழு வயதுச் சிறுவனின் முதுகில் ஏற்றி, அவனை வீட்டில் இருத்திவிட்டு, காரியம் முடிந்தது என்றிருந்தோம். சுமைகளைக் கட்டிப் பிறர் தோள்மேல் வைத்துவிட்டுத் தாங்கள் விரலாலும் தொட மாட்டாதவர்களைப் பற்றி ஆண்டவர் கூறியதை நாம் பிறருக்கே எப்போதும் வாசித்துக் காட்டுகிறோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 செப்டம்பர் முதல் ஆலயங்கள் திறக்கலாம் என்றானது. இடைவெளி விட்டு மக்களை அமரவைத்துத் திருப்பலி நிறைவேற்றினோம். ஆலயத்தின் பின்னே பெரிய முற்றம். அங்கே நான்கு வேம்புகள். காற்றோட்டமுள்ள திறந்த வெளி மூடிய அறையைக் காட்டிலும் பாதுகாப்பானது என்பது அப்போதே தெரிந்த செய்தி. பத்துப் பத்துப் பிள்ளைகளாக அம்மரத்தடியில் அமர்த்தி அ, ஆ சொல்லிக்கொடுக்க இளைஞர்கள் பங்கில் இருந்தனர். கல்லூரிகள் மூடிக் கிடந்த காலம் அது, அவர்களுக்கும் வேறு வேலை இல்லை. முற்றத்தின் கதவுக்குப் பூட்டுப் போட்டோம். யாராவது குறை சொல்வார்களே என்று நாமும் நமக்கான 'பாதுகாப்பான பக்கத்தை'த் தேடிக்கொண்டோம்.

1576-இல் மிலான் நகரில் கொள்ளைநோய் வந்தபோது பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமியோ என்ன செய்தார்? மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்ற விதியை அவர் எதிர்க்கவில்லை; விசுவாசமுள்ளவனுக்கு நோய் வராது என்று வீரமும் பேசவில்லை. தெருச் சந்திகளில் பலிபீடங்களை அமைத்தார். மக்கள் தம் சன்னல்களில் நின்றபடி திருப்பலி கண்டனர். ஆலயத்துக்குப் போக முடியாதெனில், ஆலயம் தெருவுக்கு வரும். நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆயருக்குத் தோன்றியது, பள்ளியின் காரியத்தில் நமக்குத் தோன்றவில்லை. தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிய நாள் 2021 அக்டோபர் 27. தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தனர். நல்ல திட்டம், நம் பகுதியில் அதனால் எழுத்தறிந்த பிள்ளைகளை நாம் அறிவோம். ஆனால், வந்தது 19 மாதம் கழித்து. அதை ஓர் அரசுதான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை.

அமெரிக்காவிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 1918-இன் விஷக்காய்ச்சலில் பெரும்பாலான அமெரிக்க நகரங்கள் பள்ளிகளை மூடியபோது, நியூயார்க்கும் சிகாகோவும் மூடவில்லை. துணிச்சலால் அன்று. நெருக்கமான குடியிருப்புகளைவிடக் காற்றோட்டமுள்ள பள்ளியில், மருத்துவரும் செவிலியரும் நாள்தோறும் பார்வையிடும் இடத்தில், பிள்ளைகள் இருப்பது நலம் என்று எண்ணினர். எடை போட்டவர்கள் அதிகாரிகள்; பொறுப்பேற்றவர்களும் அவர்களே. உகாண்டாவோ 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளை 2022 ஜனவரியில்தான் முழுமையாகத் திறந்தது. பூட்டுவது எளிது. பூட்டினவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கணக்கு வேறு வழியில் வந்தது. 2021 ஆகஸ்டில் ழான் டிரெஸ் முதலியோர் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏறத்தாழ 1,400 எளிய வீட்டுப் பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வில், ஊரகப் பிள்ளைகளில் இணையவழியாக ஒழுங்காகப் பயின்றவர் 8 விழுக்காடு. அறவே பயிலாதவர் 37 விழுக்காடு. 'அசர்' ஆய்வின்படி, ஊரகத் தமிழகத்தில் ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர் 2018-இல் 40.7 விழுக்காடு, 2022-இல் 25.2. மூன்றாம் வகுப்பில் 10.2 என்பது 4.8 ஆனது. 2018-இலேயே பெருமைப்படும் நிலை இல்லை என்பதையும் கவனியுங்கள். 2024-இன் ஆய்வில் மீட்சி தெரிகிறது. அதற்காக உழைத்த ஆசிரியப் பெருமக்களை வணங்குகிறோம். ஆனால், மீட்சி என்பது பின்னால் வந்த வகுப்புகளுக்கு. நடுவில் அகப்பட்டவர்கள் நடுவிலேயே வளர்ந்து வருகின்றனர்.

பெற்றோர்க்குச் சுதந்திரம் வேண்டாமா என்பர் சிலர். பிள்ளையின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே கூறவில்லையா என்றும் கேட்பர். கூறியிருக்கிறது. அதே ஏடு, பெற்றோருக்குச் சமுதாயம் முழுவதன் உதவியும் தேவை என்பதையும் அவ்விடத்திலேயே கூறியிருக்கிறது. உதவியின்றித் தரப்பட்ட சுதந்திரம், நடு ஆற்றில் இறக்கிவிடப்பட்டவனுக்கு எந்தக் கரைக்கும் நீந்தலாம் என்று தரப்படும் சுதந்திரம்.

கொள்ளைநோய் இனி வராது என்று சொல்ல எவராலும் முடியாது. வந்தால், மீண்டும் ஒரு தாள் அச்சாகும். அந்தத் தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதை நாம் இப்போதே கேட்டு வைக்கிறோம். தலைப்பில் அந்த ஊரின் அந்த வார நோய் நிலவரம், தமிழில், திருத்தணிப் பகுதியாயின் தெலுங்கிலும். அடுத்து, வயதுவாரியாக ஆபத்து எவ்வளவு என்பது. பள்ளி செய்துள்ள ஏற்பாடு என்ன, எத்தனை சன்னல்கள், எத்தனை மரத்தடி வகுப்புகள், ஆசிரியர்கள் தடுப்பூசி போட்டாயிற்றா என்பது. வீட்டில் முதியவர் இருப்பின் என்ன செய்ய வேண்டும், யார் வந்து உதவுவார் என்பது. பிள்ளை வராவிடில் பாடம் எப்படி அவனைத் தேடி வரும் என்பது. அதற்குக் கீழே கையெழுத்துகள். முதலில் தலைமை ஆசிரியர். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர். பிறகு ஊராட்சித் தலைவர். பங்குத்தந்தைக்கு அதில் சட்டப்படி இடமில்லை என்பார்கள், ஓரத்தில் எழுதிக்கொள்கிறோம். இவர்கள் அனைவரும் இட்ட பின்னர், கடைசிக் கோட்டில், தகப்பன்.